எர்னஸ்ட் எட்மண்ட்ஸின் ஆய்வுகள்: படைப்பாற்றல், அறிகை, மனித–கணினி ஊடாட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எர்னஸ்ட் எட்மண்ட்ஸ் யார்? கலைஞரா, கணினி ஆய்வாளரா?

இரண்டுமே. 1942-இல் லண்டனில் பிறந்த எட்மண்ட்ஸ் கணிதமும் மெய்யியலும் படித்தவர்; நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் தருக்கவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். படிப்பு ஒருபுறம் நடக்க, ஓவியத்தையும் அவர் விடாமல் தொடர்ந்தார். வடிவத்தையும் நிறத்தையும் உணர்ச்சியின் வெளிப்பாடாகக் கொள்ளாமல், ஓர் ஒழுங்கமைப்பின் உறுப்புகளாகக் கருதும் கட்டமைப்புவாத மரபைச் சேர்ந்தது அவருடைய ஓவியம். தருக்கவியலும் அந்த மரபும் விதிகளைப் பற்றியே பேசுபவை என்பதால், இவ்விரண்டையும் பயின்ற ஒருவர் கணினியின் பக்கம் வந்து சேர்ந்ததில் வியப்பதற்கு அதிகம் இல்லை.

பணி வாழ்க்கையில் இங்கிலாந்தின் லெஸ்டர் பாலிடெக்னிக் (இன்றைய டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம்), லஃப்பரோ பல்கலைக்கழகம், ஆஸ்திரேலியாவின் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று இடங்கள் முக்கியமானவை. 2017-இல் கணினி வரைகலைக்கான சிக்ராஃப் அமைப்பு டிஜிட்டல் கலைக்கான வாழ்நாள் சாதனை விருதையும், மனித–கணினி ஊடாட்டத்துக்கான சிக்கை அமைப்பு தன் வாழ்நாள் சாதனை விருதையும் அவருக்கு அளித்தன. ஒரே ஆண்டில் இரு வேறு துறைகளின் வாழ்நாள் விருதுகளை ஒருவர் பெறுவது அரிது.

அவர் எந்தக் கேள்விக்கு விடை தேடினார்?

முடிவு இன்னதென்று தெரியாமல் தொடங்கும் வேலைக்குக் கணினி எப்படித் துணைநிற்க முடியும் என்பதே அந்தக் கேள்வி. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் நிரலை எழுதுபவருக்கு இறுதியில் என்ன வர வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். ஓவியருக்கும் வடிவமைப்பாளருக்கும் அது தெரியாது. வேலை நடக்கும்போதுதான் தாம் தேடுவது என்ன என்பதையே அவர்கள் கண்டுகொள்கிறார்கள். மென்பொருள் உருவாக்கும் முறை, பயனர் கணினியோடு பழகும் பகுதியான இடைமுகத்தின் கட்டமைப்பு, கலைஞரும் நிரலாளரும் சேர்ந்து உழைக்கும் விதம், அருங்காட்சியகத்துக்கு வருபவரின் அனுபவம் என்று அவர் தொட்ட பொருள்கள் பலவாக இருந்தாலும், எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கேள்வி இருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், சிதறிக் கிடப்பதுபோல் தோன்றும் ஐம்பதாண்டு வேலை ஒரே தொடராகத் தெரியும்.

கணினியை அவர் முதன்முதலில் கலைக்குப் பயன்படுத்தியது எப்போது?

1968-இல். ‘நைன்டீன்’ என்ற படைப்பில், தாம் செய்து வைத்திருந்த பல துண்டுகளைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒரு சட்டகத்தில் அடுக்க வேண்டியிருந்தது. கையால் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் எல்லா நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறவில்லை. இது அடிப்படையில் ஒரு தருக்கப் புதிர் என்று கண்ட எட்மண்ட்ஸ், ஹனிவெல் 200 கணினியில் ஒரு நிரல் எழுதி விடை கண்டார்.

கணினி இங்கே எதையும் வரையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே காலத்தில் மற்றவர்கள் பிளாட்டர் என்னும் வரைபொறியைக் கொண்டு கோடுகளால் ஆன படங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். எட்மண்ட்ஸின் கணினியோ கலைஞர் வகுத்த விதிகளுக்குள் எது சாத்தியம் என்று தேடிச் சொன்னது. துண்டுகளைச் செய்ததும் பொருத்தியதும் கலைஞரின் கைகளே. இயந்திரம் படத்தைத் தர வேண்டியதில்லை, சிந்தனையின் ஒரு பகுதியைச் சுமந்தால் போதும் என்ற நிலைப்பாடு அங்கேயே தொடங்கிவிட்டது.

1970-ஆம் ஆண்டுக் கட்டுரை ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

சிற்பி ஸ்ட்ரவுட் கார்னக்குடன் சேர்ந்து எட்மண்ட்ஸ் எழுதிய அந்தக் கட்டுரை, 1970-இல் புரூனல் பல்கலைக்கழகத்தில் நடந்த கணினி வரைகலை மாநாட்டில் முன்வைக்கப்பட்டு, 1973-இல் ‘லியொனார்டோ’ ஆய்விதழில் வெளிவந்தது. கணினி கலைஞரின் ஆற்றலைப் பெருக்குமா, அல்லது அவருடைய இடத்தையே எடுத்துக்கொள்ளுமா என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்திருந்ததால் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அதன் உண்மையான கனம் தலைப்பில் இல்லை, உள்ளே முன்வைக்கப்பட்ட வகைப்பாட்டில் இருக்கிறது.

கலையை ஒரு பொருளாகப் பார்க்காமல், படைப்பும் பார்வையாளரும் சூழலும் அடங்கிய ஓர் அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் வாதிட்டார்கள். அப்படிப் பார்த்தால் சுவரில் தொங்கும் ஓவியம் அசைவற்ற அமைப்பு; பார்வையாளர் என்ன செய்தாலும் அது மாறாது. காற்றிலோ வெப்பத்திலோ தானே மாறும் சிற்பம் இயங்கும் அமைப்பு. ஆனால் அந்த மாற்றத்தில் பார்வையாளருக்குப் பங்கில்லை. மூன்றாவது வகையில் பார்வையாளரின் செயலுக்கு ஏற்பப் படைப்பு எதிர்வினை காட்டும். நான்காவது வகையில் அந்த எதிர்வினையை ஆளும் விதிகளே காலப்போக்கில் மாறும். விதிகளை மாற்றுவது ஒரு மனிதராகவும் இருக்கலாம், நிரலாகவும் இருக்கலாம்.

இன்று ஊடாட்டக் கலை என்று காட்சிக்கு வைக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை மூன்றாவது வகையோடு நின்றுவிடுகின்றன. கையசைத்தால் நிறம் மாறுகிறது, மறுபடி கையசைத்தால் மறுபடியும் அதே மாற்றம். இரண்டு நிமிடத்தில் அலுத்துப்போகிறது. நான்காவது வகையை 1970-லேயே தனியாகப் பிரித்துக் காட்டியதுதான் அந்தக் கட்டுரையின் தொலைநோக்கு என்பேன். கலைஞரின் வேலை ஒரு பொருளைச் செய்து முடிப்பதிலிருந்து, படைப்புக்கும் பார்வையாளருக்கும் இடையிலான உறவை ஆளும் விதிகளை வகுப்பதாகவும் அவற்றைத் திருத்துவதாகவும் மாறுகிறது என்று அவர்கள் சொன்னதும் இந்த வகைப்பாட்டிலிருந்து பிறந்த முடிவே.

‘டேட்டாபேக்’, ‘கம்யூனிகேஷன்ஸ் கேம்’ என்பவை எவை?

அந்தக் கட்டுரையின் காலத்தைச் சேர்ந்த இரண்டு படைப்புகள். 1970 மாநாட்டில் வைக்கப்பட்ட ‘டேட்டாபேக்’கில் பங்கேற்பவர் டெலிடைப் பொறியின் முன் அமர்ந்து கணினியோடு தட்டச்சில் உரையாடுவார், உரையாடலின் முடிவில், லண்டன் மில்பேங்க் பகுதியிலுள்ள விக்கர்ஸ் கட்டடத்தைச் சுற்றிய வெற்றுவெளியில் ஒரு பகுதி அவருக்கென்று ஒதுக்கப்பட்டு, அதற்கான வரைபடம் பிளாட்டரிலிருந்து வரும். கேலியும் கருத்தியலும் சமமாகக் கலந்த படைப்பு அது.

‘கம்யூனிகேஷன்ஸ் கேம்’ அதைவிட எளியது, ஆய்வாளருக்கு அதைவிடப் பயனுள்ளது. ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி அமர்ந்த பங்கேற்பாளர்கள், தங்கள் முன்னுள்ள சில சுவிட்சுகளாலும் விளக்குகளாலும் மட்டுமே தொடர்புகொள்ள வேண்டும். அடுத்த முனையில் யார் இருக்கிறார், அவருடைய விளக்கு எதைக் குறிக்கிறது என்பதெல்லாம் ஊகம்தான். தொடர்பின் வழி எவ்வளவு குறுகினாலும் மனிதர்கள் அதில் பொருளைத் தேடிக்கொண்டே இருப்பார்கள் என்பதை இது வெளிக்காட்டியது. பல பத்தாண்டுகள் கழித்து அவர் செய்த ‘சிட்டீஸ் டேங்கோ’வில், தொலைவிலுள்ள இரு நகரங்களின் திரைகளில் ஓடும் நிறப்பட்டைகள் மறுநகரத்தில் இருப்பவர்களின் அசைவுக்கு ஏற்ப மாறின. சுவிட்சும் விளக்கும் போய் இணையம் வந்தது. ஆராயப்பட்ட பொருள் மாறவில்லை.

மென்பொருள் துறைக்கு அவர் செய்த பங்களிப்பு என்ன?

இது பலருக்கும் தெரியாத பக்கம். தொழில்நுட்பப் பயிற்சி இல்லாத பயனர்களுக்கான மென்பொருளை ஒரு தகவமைப்பு முறையாக வளர்ப்பது எப்படி என்று 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்நாளில் நிலவிய கொள்கைப்படி, தேவைகளை முழுமையாக எழுதி, கையெழுத்து வாங்கி, பிறகு வடிவமைத்து, பிறகு நிரல் எழுதி, கடைசியில் சோதிக்க வேண்டும். எட்மண்ட்ஸ் அதை ஏற்கவில்லை. பயனருக்குத் தம் தேவை என்னவென்று தெரிவதே, ஏதோ ஒன்றைக் கையில் எடுத்துப் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான். ஆகவே முழுமையற்ற ஒன்றை விரைவில் கொடுத்து, பயன்படுத்தும் விதத்தைக் கவனித்து, மாற்றி, மீண்டும் கொடுக்க வேண்டும் என்றார். தொடங்குமுன் என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாவிட்டால் தொடங்கவே கூடாது என்ற கருத்தோடு இந்தக் கட்டுரையை ஓர் இதழ் நிராகரித்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மென்பொருளைச் சிறு சிறு படிகளாக வளர்க்கச் சொல்லும் ‘அஜைல்’ அறிக்கை 2001-இல் வந்த பிறகு இந்த முறை தொழில்துறையின் பொதுவழக்காகிவிட்டது. அஜைலின் முன்னோடிகளைப் பட்டியலிடுவோர் எட்மண்ட்ஸின் 1974 கட்டுரையையும் சேர்ப்பதுண்டு. இருந்தாலும் அவரை அஜைலின் தந்தை என்றெல்லாம் சொல்வது மிகை; படிப்படியாக வளர்க்கும் முறையை அதே காலத்தில் வேறு சிலரும் தனித்தனியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஓவியக்கூடத்தில் நாள்தோறும் நடப்பதை மென்பொருள் உருவாக்கத்துக்குரிய முறையாக எழுதிக் காட்டியதுதான் அவருக்கே உரிய பங்கு.

இடைமுகத்தைத் தனியே பிரிக்க வேண்டும் என்று அவர் ஏன் வலியுறுத்தினார்?

மேலே சொன்ன முறையின் தொடர்ச்சியே இது. பயனரைப் பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டுமானால், மாற்றுவது எளிதாக இருக்க வேண்டும். உரையாடலைக் கவனிக்கும் நிரல்பகுதியும் கணக்கீட்டைச் செய்யும் நிரல்பகுதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால், ஒரு பட்டியை இடம் மாற்றுவதற்கே முழு நிரலையும் அவிழ்க்க வேண்டியிருக்கும். ஆகவே இரண்டையும் தனித்தனி உறுப்புகளாக வைக்க வேண்டும் என்று 1980-களின் தொடக்கத்திலிருந்து எழுதிவந்தார். இத்துறையின் முக்கியக் கட்டுரைகளைத் தொகுத்து 1992-இல் ஒரு நூலாகவும் பதிப்பித்தார். 1983-இல் ஜெர்மனியின் சீஹைமில் நடந்த பட்டறையில் உருவான ‘சீஹைம் மாதிரி’யும் இதே வழியில் அமைந்ததுதான். இன்றைய வலைத்தளங்களில் முன்பக்க நிரலாளர், பின்பக்க நிரலாளர் என்று வேலை பிரிக்கப்படுவதன் பின்னால் இப்படிப்பட்ட நீண்ட விவாதம் ஒன்று இருக்கிறது.

அறிகை, அதாவது மனம் அறிந்து சிந்திக்கும் விதம், இதில் எங்கே வருகிறது?

1980-களின் நடுப்பகுதியில் லஃப்பரோவுக்குச் சென்ற எட்மண்ட்ஸ், அங்கே மனித–கணினி இடைமுகங்களுக்கான ‘லுட்சி’ ஆய்வு மையத்தை வழிநடத்தினார். படைப்புச் செயலில் ஈடுபட்டிருப்பவரின் சிந்தனை எப்படி நகர்கிறது என்பதை ஆய்வாளர் லிண்டா கேண்டியுடன் சேர்ந்து முறையாக ஆராய்ந்தது அங்கேதான். அறிகை உளவியலில் படைப்பாற்றலை ஆராயும் வழக்கமான வழி, ஆய்வுக்கூடத்தில் சிறு புதிர்களைக் கொடுத்து நேரம் அளப்பது. ஒரு செங்கல்லால் என்னென்ன செய்யலாம் என்று கேட்டு விடைகளை எண்ணுவதும் இந்த வகைதான். கேண்டியும் எட்மண்ட்ஸும் அதை விட்டு, உலகில் உண்மையாகவே நடந்து முடிந்த ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு, அதைச் செய்தவரிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்தி, எண்ணங்கள் வளர்ந்த பாதையை மீட்டெடுத்தார்கள். அவற்றுள் சிறந்தது லோட்டஸ் மிதிவண்டி பற்றிய ஆய்வு; 1996-இல் ‘டிசைன் ஸ்டடீஸ்’ இதழில் வெளிவந்தது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 4,000 மீட்டர் தனிநபர் துரத்தல் போட்டியில் பிரிட்டனின் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்ற வண்டி அது. குழாய்களை இணைத்துச் செய்யும் வழக்கமான சட்டகம் அதில் இல்லை. கார்பன் நாரால் ஆன ஒரே உடலாக அது வார்க்கப்பட்டிருந்தது. முன்சக்கரத்தை இரு கவைகள் தாங்குவதற்குப் பதிலாக ஒற்றைத் தண்டு ஒருபுறமிருந்து தாங்கியது. இதன் மூலவடிவைச் சிந்தித்தவர் நார்விச்சைச் சேர்ந்த பொறியாளர் மைக் பரோஸ். 1980-களிலேயே அவர் இத்தகைய வண்டியைச் செய்துவிட்டார். பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் விதிகள் அன்று அதை அனுமதிக்கவில்லை. 1990-இல் விதி தளர்ந்த பிறகு லோட்டஸ் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு, காற்றியக்கச் சோதனைகள் செய்து செம்மைப்படுத்தியது.

இந்த வரலாற்றில் அறிகை ஆய்வாளர்கள் கண்டது என்ன? முதலாவது, பரோஸின் பெரும் உழைப்பு விடை தேடுவதில் செலவாகவில்லை. கேள்வியை மாற்றி அமைப்பதில் செலவானது. இருக்கை, மிதி, கைப்பிடி ஆகிய புள்ளிகளைக் குறைந்த எடையில் எப்படி இணைப்பது என்று கேட்டால் குழாய்ச் சட்டகமே திரும்பத் திரும்ப வரும். வண்டியும் மனிதனும் சேர்ந்த ஓர் உடல் காற்றைக் கிழித்துப் போக வேண்டும் என்று கேட்டால் விடையின் வடிவமே வேறாகிறது. இரண்டாவது, அவர் ஒரே வழியில் நேராகச் செல்லவில்லை. பல எண்ணங்களை ஒரே நேரத்தில் உயிரோடு வைத்திருந்தார். ஒன்று தடைபட்டபோது மற்றொன்று முன்னே வந்தது. மூன்றாவது, மிதிவண்டித் துறைக்கு வெளியிலிருந்து வந்த பொருளறிவும் காற்றியக்க அறிவும் தீர்மானமான பங்கு வகித்தன. நான்காவது, எதைக் கட்டுப்பாடு என்று ஏற்க வேண்டும், எதை மீறலாம் என்பதையும் அவர் தொடர்ந்து மறுபரிசீலனை செய்தார்.

இவற்றிலிருந்து மென்பொருளுக்கான தேவைகள் நேரடியாகப் பிறக்கின்றன. பாதி வேலையிலுள்ள பல முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்க்க வழி வேண்டும். நுணுக்கத்தில் இருக்கும்போதே முழுமையும் கண்ணில் பட வேண்டும். பயனர் முதலில் விதித்த நிபந்தனையைப் பிறகு அவரே தளர்த்த முடிய வேண்டும். 1990-களில் வடிவமைப்பாளர்கள் கையிலிருந்த மென்பொருள்களில் பலவும் ஒரே கோப்பு, ஒரே வரைபடம், ஒரே துல்லியமான அளவு என்று வற்புறுத்தியதை நினைத்தால், இந்தப் பட்டியல் அன்று எவ்வளவு கூர்மையான விமர்சனமாக இருந்தது என்பது புரியும்.

கலைஞரும் நிரலாளரும் சேர்ந்து வேலை செய்வது குறித்து அவர் கண்டது என்ன?

1990-களின் பிற்பகுதியில் லஃப்பரோவில் தொடங்கிய ‘கோஸ்டார்ட்’ திட்டத்தில் கலைஞர்கள் தங்கியிருந்து, தொழில்நுட்ப வல்லுநர்களோடு சேர்ந்து படைப்புகளை உருவாக்கினார்கள். நாட்குறிப்பு, நேர்காணல், நேரடிக் கவனிப்பு ஆகியவற்றின் மூலம் ஒவ்வொரு கூட்டு முயற்சியும் பதிவுசெய்யப்பட்டது. கேண்டியும் எட்மண்ட்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று உறவுமுறைகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்றில் நிரலாளர் உதவியாளர். கலைஞர் சொன்னதைச் செய்து கொடுப்பார். இன்னொன்றில் இருவரும் சம பங்காளிகள். விளைவு இருவருக்கும் உரியது. மூன்றாவதில் பங்காளித்தனம் உண்டு, ஆனால் இறுதி முடிவு கலைஞருடையது.

உதவியாளர் முறை எளிதாகத் தோன்றினாலும், கலைஞரின் எண்ணம் பாதி வழியில் மாறும்போது அது திணறுகிறது. ஏன் மாற்றுகிறார் என்பது நிரலாளருக்குத் தெரியாததால், ஒவ்வொரு மாற்றமும் புதிய ஆணையாகவே அவரை வந்தடைகிறது. பங்காளித்தனத்தில் இருவருக்கும் பொதுவான பேச்சு வளர்வதால் மாற்றத்தைத் தாங்க முடிகிறது. இந்தத் திட்டத்தின் இன்னொரு படிப்பினை மென்பொருள் நிறுவனங்களுக்கு அவ்வளவாக உவக்காதது: கலைஞர்கள் ஆயத்தக் கருவியின் எல்லையை மிக விரைவில் தொட்டுவிடுகிறார்கள். அதற்குமேல் அவர்களுக்கு வேண்டியது கூடுதல் பொத்தான்கள் அல்ல, அடியிலுள்ள நிரலைத் தொடும் வாய்ப்பு.

பார்வையாளரின் அனுபவத்தை எப்படி ஆராய்ந்தார்கள்?

2003 வாக்கில் சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற எட்மண்ட்ஸ், அங்கே ‘கிரியேட்டிவிட்டி அண்ட் காக்னிஷன் ஸ்டூடியோஸ்’ என்ற ஆய்வுக்கூடத்தை வளர்த்தார். 2004-இல் அந்தக் குழுவும் சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகமும் இணைந்து ‘பீட்டா ஸ்பேஸ்’ என்ற காட்சியிடத்தைத் திறந்தன. முடிவடையாத, சோதனை நிலையிலுள்ள ஊடாட்டப் படைப்புகளைப் பொதுமக்கள் முன் வைத்து, அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துத் திருத்துவதே நோக்கம். 1974-இல் மென்பொருளுக்குச் சொன்னதை இங்கே கலைக்குச் செய்தார்கள்.

ஆராயும் முறையும் குறிப்பிடத்தக்கது. படைப்போடு ஈடுபட்டிருக்கும் ஒருவரிடம் உரக்கச் சிந்திக்கச் சொன்னால் அந்த ஈடுபாடே கலைந்துவிடும். பிறகு கேட்டால் பாதி மறந்திருக்கும். எனவே பார்வையாளரைக் காணொளியில் பதிவுசெய்து, உடனே அந்தக் காணொளியை அவருக்கே காட்டி, ஒவ்வொரு கணத்திலும் மனத்தில் ஓடியதைச் சொல்லச் செய்தார்கள். உடலசைவையும் ஒளியையும் கலைடாஸ்கோப் போன்ற பிம்பமாகவும் இசையாகவும் மாற்றும் ‘அயாமாஸ்கோப்’ என்ற படைப்பு 2005-இல் இப்படி ஆராயப்பட்டது.

இத்தகைய ஆய்வுகளிலிருந்து எட்மண்ட்ஸ் குழுவினர் மூன்று பண்புகளைப் பிரித்தார்கள்: நடந்து போகிறவரை நிறுத்துவது எது, நின்றவரைத் தொடர்ந்து ஈடுபடுத்துவது எது, போனவரை மறுபடி வரவைக்கும் நீண்டகால உறவை வளர்ப்பது எது. முதலாவதை ஒலியாலும் பளிச்சென்ற நிறத்தாலும் சாதித்துவிடலாம். மூன்றாவதுதான் கடினம்; வந்துபோகும் கூட்டத்தை மட்டும் எண்ணும் அருங்காட்சியகங்கள் அதை அளப்பதே இல்லை.

அவருடைய கலைப்படைப்புகளைப் பார்ப்பவர் எதை எதிர்பார்க்கலாம்?

பொறுமையை. 1980-களின் நடுவில் ‘ஃப்ராக்மென்ட்ஸ்’ போன்ற காணொளிப் படைப்புகளில், தருக்க விதிகளின்படி காலத்தில் மாறிக்கொண்டே செல்லும் அருவ வடிவங்களை உருவாக்கினார். 2007 முதல் வந்த ‘ஷேப்பிங் ஃபார்ம்’ வரிசையில் சதுரத் திரைகளில் நிறப்பட்டைகள் மெதுவாக மாறுகின்றன; எதிரே நடக்கும் அசைவை ஒரு கேமரா கவனிக்கிறது. உடனடி எதிர்வினை கொஞ்சம் உண்டு, ஆனால் அது முக்கியமில்லை. நாள்கணக்கில், மாதக்கணக்கில் முன்னால் நடந்த அசைவுகள் விதிகளைச் சிறிது சிறிதாக மாற்றுகின்றன. ஆள்நடமாட்டமுள்ள இடத்தில் வைத்த திரையும் அமைதியான அறையில் வைத்த திரையும் காலப்போக்கில் வெவ்வேறாக வளரும். 1970-இல் பிரித்துக் காட்டிய நான்காவது வகையைத்தான் இங்கே செய்து காட்டுகிறார். இதை ஊடாட்டம் என்பதைவிடத் தாக்கம் என்பதே பொருந்தும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

கணினியே படைக்கிறது என்று அவர் சொல்கிறாரா?

இல்லை, அந்தக் கேள்வியில் அவருக்குப் பெரிய ஆர்வமும் இல்லை. இந்த இடத்தில் ஹரால்ட் கோஹனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும். பிரிட்டனில் புகழ்பெற்ற ஓவியரான கோஹன் அமெரிக்கா சென்று, 1970-களிலிருந்து 2016-இல் இறக்கும்வரை ‘ஏரன்’ என்ற நிரலை வளர்த்தார். ஓவியம் வரையும் அறிவை விதிகளாக்கி, நிரலே வரையும்படி செய்தார். கோஹன் தம் அறிவை இயந்திரத்துக்குள் இறக்கினார். எட்மண்ட்ஸோ கணினியை மனிதர்கள் சேர்ந்து சிந்திக்கும் சூழலாக வைத்தார்.

அறிகை அறிவியலாளர் மார்கரெட் போடன், தெரிந்த எண்ணங்களைப் புதிதாக இணைப்பது, ஒரு விதிவெளிக்குள் (சில விதிகள் அனுமதிக்கும் சாத்தியங்களுக்குள்) தேடுவது, அந்த விதிவெளியையே மாற்றுவது என்று படைப்பாற்றலை மூன்றாகப் பிரித்தவர். விதிகளைக் கொண்டு உருவாகும் கலையை வகைப்படுத்தி அவரும் எட்மண்ட்ஸும் 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் யார் படைப்பாளி என்ற வழக்கை அவர்கள் தீர்த்துவைக்க முயலவில்லை. எந்த முடிவை மனிதர் எடுக்கிறார், எதை விதிகளிடம் விடுகிறார் என்பதைக் கொண்டு கலை வகைகளைத் தெளிவாகப் பிரித்துவைத்தார்கள்.

சொல் கொடுத்தால் படம் தரும் இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை இந்த ஆய்வுகள் எப்படிப் பார்க்கச் சொல்கின்றன?

எட்மண்ட்ஸின் அளவுகோலை நான் பொருத்திப் பார்ப்பது இப்படி. இக்கருவிகளில் பயனர் விளைவை விவரிக்கிறார், விதிகளைத் தொடுவதில்லை. விதிகள் பயிற்சியின்போதே கோடிக்கணக்கான எண்களுக்குள் புதைந்துவிட்டன. பட்டையின் அகலத்தை எந்த நிபந்தனை தீர்மானிக்கிறது என்று கேட்டால் ‘ஷேப்பிங் ஃபார்ம்’ செய்தவரால் சுட்டிக்காட்ட முடியும்; படம் தரும் கருவியைப் பயன்படுத்துபவரால் முடியாது. லோட்டஸ் ஆய்வு கேட்ட வசதிகளில் ஒன்றை, அதாவது பல முயற்சிகளை அருகருகே வைப்பதை, இவை தாராளமாகத் தருகின்றன. ஒரே விண்ணப்பத்துக்கு நான்கு படங்கள் வருகின்றன. ஆனால் கேள்வியை மாற்றி அமைக்கத் தூண்டும் எதிர்ப்பு இவற்றில் குறைவு. எதைக் கேட்டாலும் மெருகோடு ஒன்று வந்துவிடுவதால், நாம் கேட்டது தவறான கேள்வி என்பது தெரியாமலே போகிறது. நிரலின் அடித்தளத்தில் கைவைத்து, தம் படைப்புகளைக் கொண்டே மாதிரியைப் பயிற்றுவிக்கும் கலைஞர்களும் இருக்கிறார்கள். கோஸ்டார்ட் திட்டம் கண்ட கலைஞர்களோடு அவர்களைத்தான் சேர்க்க வேண்டும்.

‘கிரியேட்டிவிட்டி அண்ட் காக்னிஷன்’ மாநாடு பற்றிச் சொல்ல முடியுமா?

1993-இல் லஃப்பரோவில் எட்மண்ட்ஸும் கேண்டியும் தொடங்கியது. கலைஞர்களும் கணினி அறிவியலாளர்களும் உளவியலாளர்களும் ஒரே அரங்கில் பேச வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பிறகு கணினிப் பொறி சங்கமான ஏசிஎம்-இன் ஆதரவில் வந்து, லண்டன், வாஷிங்டன், சிட்னி, சிங்கப்பூர் முதலிய நகரங்களில் நடந்திருக்கிறது. கண்காட்சியும் ஆய்வரங்கும் சேர்ந்தே நடப்பது அதன் வழக்கம்.

இந்த ஆய்வுகள் மீது வைக்கப்படும் குறைகள் எவை?

முதன்மையானது, எடுத்துக்காட்டுகள் குறைவு என்பது. ஒரு மிதிவண்டி, சில கலைஞர்கள், ஓர் அருங்காட்சியகம் ஆகியவற்றிலிருந்து படைப்பாற்றல் முழுமைக்கும் பொதுவிதி சொல்ல முடியுமா? முடியாது, ஆனால் கருதுகோள்களைப் பெற முடியும், அவற்றைச் சோதிக்க வேறு முறைகள் இருக்கின்றன. பின்னால் வந்த ஆய்வாளர்களில் எரின் செர்ரியும் செலின் லட்டுலிப்பும் 2014-இல் வெளியிட்ட அளவீட்டில், ஒரு கருவி படைப்புக்கு எவ்வளவு துணைநிற்கிறது என்பதைப் பயனரே மதிப்பிடுகிறார். தேடிப் பார்க்கும் வசதி, வெளிப்பாட்டுச் சுதந்திரம், ஆழ்ந்துபோதல், மகிழ்ச்சி, கூட்டுழைப்பு, உழைப்புக்கேற்ற பலன் என்ற ஆறு கூறுகள் எண்ணாக்கப்படுகின்றன. இரண்டு கருவிகளை ஒப்பிட அந்த எண் பயன்படும். பரோஸ் எந்தக் கட்டத்தில் தம் கேள்வியை மாற்றினார் என்பதை அது சொல்லாது.

இரண்டாவது குறை கனமானது. கலைஞரே ஆய்வாளராகவும் இருக்கும்போது தம் படைப்பைத் தாமே மதிப்பிடும் நிலை வருகிறது. சிட்னியில் படைப்பாளர், மதிப்பீட்டாளர், காட்சி அமைப்பாளர் என்று பொறுப்புகளைத் தனித்தனி ஆட்களிடம் பிரித்துக் கொடுத்ததும், படைப்பு வழி ஆய்வில் முனைவர் பட்டத்துக்கு எழுத்து வடிவிலான ஆய்வுரையும் சேர்ந்து வர வேண்டும் என்று வலியுறுத்தியதும் இதற்கான விடைகள். அவை சிக்கலைக் குறைத்தன. ஒரே ஆய்வுக்கூடத்துக்குள் எல்லோரும் இருக்கும்வரை முழுமையாக நீக்கியதாகச் சொல்ல முடியாது.

புதிதாகப் படிக்க வருபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கார்னக்குடன் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவதே எளிது; சுருக்கமானது, கணினி அறிவு அதிகம் கேட்காதது. அடுத்து லோட்டஸ் மிதிவண்டி ஆய்வு. பொறியியல் மாணவர்கள் இதிலிருந்தே தொடங்கினாலும் தவறில்லை. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு 1974 கட்டுரை நேரடியாகப் பேசும். போடனோடு எழுதிய வகைப்பாட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதிலுள்ள பிரிவுகள் வறண்டவையாகத் தோன்றாமலிருக்க, சில படைப்புகளையாவது அதற்குமுன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எட்மண்ட்ஸின் படைப்புகளும் ஆவணங்களும் சேகரிக்கப்பட்டுள்ளன.